வலப்பக்கத்துக்காரி

வேதக்காரர்கள் சண்டை போடும் அழகைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். எங்கள் தெருவில் சண்டை என்றால் குழாயடிதான். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிராளியின் ஏழு தலைமுறையையும் வாயில் போட்டு மென்று துப்புவோம். சாயங்காலம் அவள் வீட்டுக்கே கிண்ணத்தோடு போய்க் குழம்பும் வாங்கிக்கொள்வோம். இவர்கள் அப்படியில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்களுக்குள்ள பெருமை பிடிச்ச மனசு ஒண்ணு இருந்தா அதை நொறுக்கிப் போடும்" என்பார்கள். யார் மனசு என்று அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நொறுங்க வேண்டியவளும் சேர்ந்து "ஆமென்" சொல்லியாக வேண்டும். நடுவில் பதில் பேச முடியாது. பேசினால் கடவுள் பேச்சில் குறுக்கே விழுந்ததாக ஆகிவிடும்.

வடக்குப்பட்டில் எங்கள் நிலத்தை ஒட்டிக் கம்பெனி மதில் எழும்பியபோது, மிச்சமிருந்த களத்துமேட்டில் என் வீட்டுக்காரர் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். அஸ்பெஸ்டாஸ் கூரை, ஒற்றைக்கல் சுவர். ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் "நூறாயுசு" என்பார்கள். குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். கடைசி அறை லூர்தம்மாளுடையது. கேன்டீனில் இட்லி ஊற்றுகிற மனுஷி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அறையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஜெபம் செய்வார்கள். அதற்கு லூர்தம்மாள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். யாரும் தனக்காகக் கேட்கக் கூடாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்காகத்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். என் வீட்டுப் பின்வாசல் அந்த அறை ஜன்னலுக்கு நேர் எதிரே. கீரை ஆய்வதும் மொச்சை உரிப்பதும் எனக்கு அங்கேதான் வசதி. காதை மூடிவைக்கக் கடவுள் மூடி கொடுக்கவில்லை, நான் என்ன செய்வேன்.

அமலாவுக்கு நடு அறை. மணிமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் ஜீவானந்தம் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். தங்கமான பையன், ஆனால் ஹார்னை மட்டும் ஓயாமல் அடிப்பான். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தையில்லை. அமலா போகாத ஆஸ்பத்திரியில்லை, வேண்டிக்கொள்ளாத பொருத்தனையில்லை.

அவளுக்கு வேலை, காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டித்தரும் கம்பெனியில். அங்கே பெண்கள் பெரிய போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டு வயர்களை ஆணிக்கு ஆணி இழுத்து, கறுப்பு டேப் சுற்றுவார்கள். ஷிப்ட் முடியும் வரை நின்றபடியேதான். வருடக்கணக்காக நின்று பேர் வாங்கினவளுக்கு மட்டும் பிரஸ் மெஷின் கிடைக்கும். வயர் நுனியில் பித்தளைப் பல் பதிக்கிற மெஷின் அது. அதற்கு ஸ்டூல் உண்டு, உட்கார்ந்து செய்யலாம். அந்த ஸ்டூலுக்காக லைனில் நடக்கிற அரசியல் சட்டசபையில்கூட நடக்காது. அமலா அதில் உட்கார்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அவள் அறைக்கு அடுத்த அறையில் பாண்டிச்செல்வி வந்து சேர்ந்தாள். சாத்தான்குளம் பக்கத்துப் பெண், புதுசாகக் கல்யாணமானவள். ஞானஸ்நானத்தில் வேறு பேர் வைத்தார்களாம், அது கம்பெனி அட்டையில் ஏறவில்லை. புருஷன் அருள்பாண்டிக்கு டயர் கம்பெனி. இவளுக்கு அமலாவின் லைனிலேயே ட்ரெய்னி வேலை. பஸ் எங்கே நிற்கும், எந்தக் கடையில் மீன் நாறாது, எந்த சூப்பர்வைசரிடம் வாய் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அமலா கற்றுக்கொடுத்ததுதான். இரண்டும் நகமும் சதையுமாக இருந்தன. ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் இரண்டு தட்டில் சோறு விழும்.

அந்த ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் பாண்டிச்செல்வி குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். அமலா ஓடிப்போய் முதுகைத் தடவினாள்.

"இன்னாடி, கேன்டீன் சாம்பார் வேலையக் காட்டிடுச்சா?"

"இல்லக்கா. நாளு தள்ளிப் போயிருக்கு."

அமலாவின் கை ஒரு நொடி நின்று, மறுபடி தடவியது.

"யாருட்டயும் சொல்லிராதியக்கா. தை மாசம் எங்க பேட்ச பர்மனன்ட் பண்ணுதாவளாம். இப்பம் தெரிஞ்சா அடுத்த பேட்ச்சுல பாப்போம்னு வீட்டுக்கு அனுப்பிருவாவ. போன பேட்ச்சுல இருந்த மாசானத்துப் பொண்டாட்டிக்கு அப்படித்தான ஆச்சு. அவ இன்னும் வேல இல்லாமத்தான் இருக்கா."

"நான் ஏன்டி சொல்லப் போறேன். போய்ப் படு. கண்டதையும் தின்னாத, நான் கஞ்சி கொணாறேன்."

கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊறுகாய் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டாள். திரும்பி வந்து என் பின்வாசலில் உட்கார்ந்து, முருங்கைக்கீரையை என்னோடு சேர்ந்து உருவினாள்.

"அக்கா, எனக்கு சந்தோசமாத்தான் கீது" என்றாள்.

நான் எதுவும் கேட்கவேயில்லை.

அதோடு போயிருக்கும். அந்தச் சனிக்கிழமை பார்த்து மணிமங்கலத்திலிருந்து மாமியார்க்காரி வந்து சேர்ந்தாள். கூடவே ஒரு பை கொத்தவரங்காய். குழாயடியில் பாண்டிச்செல்வியைப் பார்த்ததும் அந்தம்மாவுக்குக் கண் நிற்கவில்லை. ஸ்கேன் மெஷின் தோற்றுவிடும்.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு மூஞ்சியே தனியா தெரியுதே. முழுகாம கீதா?"

"எனக்கு இன்னா தெரியும் அத்தே" என்றாள் அமலா.

"நீயும் பக்கத்துலதான் கீற. ஒரே கொழா தண்ணிதான் குடிக்கற. அவளுக்கு ஒட்டனது உனக்கு ஒட்டலியே."

ஜீவானந்தம் உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். "யம்மா, ஆட்டோவுல ஏறு. பஸ்ஸுல வுட்டுட்டு வரேன்." போட்ட காபி ஆறவில்லை, தாயைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அமலா அந்தக் காபியைக் கொட்டிவிட்டு, டம்ளரை வெகுநேரம் தேய்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லூர்தம்மாள் அறையில் வட்டம் கூடியது. அமலாவுக்கு வலப்பக்கம் பாண்டிச்செல்வி. எதிரே கவியா. கவியா வேதத்துக்காரி இல்லை. அவர்கள் லைனுக்கே லீடர், லூர்தம்மாளின் சேமியா பாயசத்துக்காகவும் ஊர் ஞாபகத்தை மறக்கவும் வந்து உட்காருகிற பெண். அமலாவின் முறை வந்தது. குரல் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. என் வலது பக்கம் உக்காந்திருக்கற இந்தத் தங்கச்சிக்காக வரேன். வயித்துல ஒண்ணக் குடுத்தீர், ஸ்தோத்திரம். குடுத்தத மறச்சி வச்சிக்கினு, பொய்யில நின்னு வேலையக் காப்பாத்திக்கணும்னு நெனக்கற மனச மாத்தும். உண்மைய ஒத்துக்கற தைரியத்தக் குடும். எட்டு வருசம் கேக்கறவங்களுக்குக் குடுக்காம, வந்து ஒரு வருசம் ஆவாதவங்களுக்குக் குடுக்கற ஆண்டவரே…"

அதற்கு மேல் ஓடவில்லை. யாரும் ஆமென் சொல்லவில்லை. எனக்குக் கையில் இருந்த கீரை அப்படியே நின்றது. அடிப்பாவி, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

கவியா கண்ணைத் திறந்துவிட்டாள். "பாண்டி, நெசமாவா? எத்தினி மாசம்?" அவள் சந்தோஷத்தில்தான் கேட்டாள், அதை மட்டும் நான் சொல்லிவிட வேண்டும். அந்தச் சந்தோஷத்தோடுதான் மறுநாள் கம்பெனி பஸ்ஸில் நாலு பேரிடம் சொன்னாள். பஸ் கேட்டுக்குள் நுழைவதற்குள் சூப்பர்வைசர் மணிகண்டபிரபுவின் காதுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

கம்பெனிக்குள்ளே யாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள மாட்டார்கள். நிற்கிற இடத்தை மாற்றுவார்கள், அவ்வளவுதான். பாண்டிச்செல்வியைப் போர்டிலிருந்து எடுத்து, கட்டிய வயர் மூட்டைகளைத் தூக்கி வண்டியில் அடுக்குகிற இடத்தில் போட்டார்கள். ட்ரெய்னிதானே, எல்லா வேலையும் கற்றுக்கொள்ள வேண்டாமா என்றார்களாம். முடியாதவள் தானே நின்றுவிடுவாள். நின்றவளுக்குத் தை மாதமும் கிடையாது, பர்மனன்ட்டும் கிடையாது.

இரண்டு மூன்று நாள் தூக்கினாள். பிறகு ஷிப்ட் பாதியில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். லேசாக ரத்தம் படுகிறது என்றாள். அருள்பாண்டி அன்றைக்கு வீட்டில்தான் இருந்தான், ஜீவானந்தமும் சாப்பிட வந்திருந்தான். அந்த மழையில் இரண்டு பேருமாக அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு படப்பை டாக்டரிடம் போனார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் இனி சுமை தூக்கினால் பொறுப்பு என்னுடையதில்லை என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள்.

அமலா ஷிப்ட் முடிந்து வந்தபோது அருள்பாண்டி வாசலில் நின்றிருந்தான். சத்தம் போடுகிற பையனில்லை.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோவத்துல கேக்கல. ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. பொறவு எதுக்கு அவருட்ட அவ்வளவு சத்தமாச் சொன்னிய?"

உள்ளேயிருந்து பாண்டிச்செல்வியின் குரல் வந்தது.

"விடுங்க. அவியளுக்கு வேணும்ங்கது எனக்குக் கெடச்சிட்டு. அதான் சங்கதி. வேற ஒண்ணுமில்ல."

எழுந்து வந்து, மூடியைத் திருகித் துடைத்த ஊறுகாய் பாட்டிலை அமலாவின் வாசலில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். பாட்டிலில் பாதி அப்படியே இருந்தது.

அமலா அன்றைக்குச் சமைக்கவில்லை. லூர்தம்மாள்தான் அவளைக் கையைப் பிடித்து என் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒரு நாள் உபவாசம் இருந்து அவளுக்காக ஜெபி அமலா. ஆண்டவர் பாத்துக்குவார்."

"வேணாம்மா. அவரு பாத்துக்குவாருன்னு சொல்லிச் சொல்லியேதான் நான் எதையும் பாக்கல. ஜெபத்த வச்சித்தான் அவள அறுத்தேன். மறுபடி அதையே தூக்கிக்கினு எப்படிப் போறது."

நான் கேட்டேன்.

"மனசுல இன்னாதான்டி இருந்துச்சி? எங்கிட்டயாவது நெசத்த சொல்லு."

"பொறாமக்கா. அதுக்கு வேற பேரு இன்னா வைக்கறது. அவ வாந்தி எடுக்கறா, என் கை அவ முதுகத் தடவுது. மனசு சொல்லுது, இது எனக்கு வந்திருக்க வேண்டிய வாந்தின்னு. வாந்திக்கிக் கூடவாக்கா ஒருத்தி பொறாமப்படுவா?" என்று சொல்லிவிட்டு அழுதாள். "அவ மேல ஆசையும் கீதுக்கா. அதான் எனக்குப் புரியல. ஆசயில்லாதவ மேல இப்படி எரியாது."

எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. மோர் கரைத்துக் கொடுத்தேன்.

ஜீவானந்தம் ஆட்டோவில் படிந்த செம்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். கையில் துணியோடு வந்து படியில் உட்கார்ந்தான். எங்கள் இரண்டு பேரையும் பொருட்படுத்தாமல் பெண்டாட்டியிடம் பேசினான்.

"உனக்கு மட்டும்தான் எரியுதுன்னு நெனச்சிக்கினு கீற. கைக்கொழந்தையோட எவளாவது ஆட்டோவுல ஏறினா, நான் கண்ணாடிய அந்தாண்ட திருப்பி வச்சிடுவேன். கொஞ்ச தூரம் போவேன். மனசு கேக்காது. மறுபடி இந்தாண்ட திருப்பிப் பாத்துக்கினே ஓட்டுவேன்."

"எங்கிட்ட சொன்னதேயில்லியே."

"சொன்னா நீ அழுவ." துணியைப் பிழிந்தான். "இன்னிக்கி அந்தப் பொண்ண இட்டுக்கினு போனேன் பாரு. ரோடு பூராம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துலயும் வண்டிய உருட்டிக்கினே எறக்கி ஏத்துனேன். ஹார்னு கூட அடிக்கல. அது யார் வூட்டுக் கொழந்தன்னு எனக்குத் தோணவேயில்ல அமலா. உசுரோட போய்ச் சேரணும், அவ்ளோதான் தோணிச்சி."

அமலா அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். மோரைக் குடித்து முடித்தாள். "நாளைக்கி ஃபர்ஸ்ட் ஷிப்ட். நேரத்தோட எழுப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் அவள் செய்ததை அவளே சொல்லவில்லை. கவியா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னாலேயே மணிகண்டபிரபுவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாளாம்.

"சார், என் மெஷின பாண்டிச்செல்விக்குக் குடுங்க. நான் போர்டுக்குப் போறேன்."

"ஸ்டூல விட்டா திரும்பக் கிடைக்காதும்மா. உனக்குப் பின்னாடி எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு தெரியுமில்ல?"

"நானும் காத்திருந்து வந்தவதான் சார். நானே கத்துக் குடுக்கறேன். அவ கையில ஒரு வயர் கெட்டாலும் என்னக் கேளுங்க."

"ட்ரெய்னிக்கு மெஷின் குடுக்கற வழக்கம் இல்லையே."

"முழுகாம கீறவள மூட்ட தூக்க வைக்கறதும் வழக்கம் இல்ல சார். நாளைக்கி ஏதாச்சும் ஆனா, கெட்ட பேரு உங்க லைனுக்குத்தான்."

அவன் கவியாவைப் பார்த்தான். கவியாவுக்குத் தன் வாய் செய்த வேலை உறுத்திக்கொண்டிருந்தது. "போட்டுப் பாப்போம் சார், நானும் கவனிச்சிக்கறேன்" என்றாள். மெஷின் கற்றவளைக் கம்பெனி லேசில் விடாது, கற்றுக்கொடுத்த நாளெல்லாம் வீணாகுமே. அது அந்த மூன்று பேருக்குமே தெரியும்.

ஆனால் பாண்டிச்செல்வி சம்மதிக்க வேண்டுமே. அன்று சாயங்காலம் அமலா அவள் வாசலில் போய் நின்றாள்.

"நாளையிலேர்ந்து நீ மெஷின்ல உக்காரு."

"ஒங்க தானம் எனக்கு வேண்டாம்."

"தானம் இல்லடி. நான் ஒடச்சது இது. ஒட்ட வைக்க என்னால முடியாது, முட்டுதான் குடுக்க முடியும். எங்கிட்ட பேசாத. என் மூஞ்சியப் பாக்காத. உக்காரு, போதும்."

"பேசாம எப்படிக் கத்துக் குடுப்பிய?"

"மெஷின் சத்தத்துல அங்க யாரு பேசிக்கினு கீறா?"

அவள் கதவைச் சாத்தவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் அமலா.

ஒரு வாரம் முழுக்க அவள் பாண்டிச்செல்வியின் முதுகுக்குப் பின்னால் நின்று விரலாலேயே கற்றுக்கொடுத்தாளாம். வயரை எவ்வளவு நுழைப்பது, எப்போது மிதியை அழுத்துவது, பல் சரியாக ஏறியதா என்று நகத்தால் எப்படித் தடவிப் பார்ப்பது என்று எல்லாம் விரல் பேச்சு. ஒரு வார்த்தை கிடையாது. பிறகு போய்ப் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டு புதுப் பெண்களோடு டேப் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்குப் பாண்டிச்செல்வி வரவில்லை. அமலா தன் முறை வந்தபோது கண்ணை மூடவில்லை. எல்லோரையும் பார்த்தே பேசினாள்.

"அன்னிக்கி நான் பண்ணது ஜெபமில்ல. பொறாமை. அதுக்கு ஆண்டவர் பேரப் போட்டு அனுப்பிட்டேன். அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். உங்ககிட்டயும் கேக்கறேன். அவகிட்ட கேக்க இன்னும் எனக்கு வாய் வரல."

லூர்தம்மாள் அன்றைக்குப் பாட்டு எதுவும் எடுக்கவில்லை.

மார்கழி போயிற்று. தை பிறந்ததும் பேட்ச்சைக் கூப்பிட்டார்கள். பாண்டிச்செல்வி பர்மனன்ட் ஆனாள். புடவைக்கு மேல் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது, இனி அதற்காக வேலையை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. அருள்பாண்டி எல்லா அறைக்கும் ஒரகடம் பேக்கரி லட்டு கொடுத்தான். அமலாவுக்கும் கொடுத்தான். பாண்டிச்செல்வி மட்டும் இன்னும் பேசவில்லை. குழாயடியில் அமலா நின்றால் குடத்தைப் பிறகு கொண்டுவருவாள்.

அமலாவுக்கு நின்று நின்று கால் வீங்கிப்போனது. ஜீவானந்தம் வெந்நீரில் உப்புப் போட்டு வைப்பான். ஒருநாள் அதில் காலை வைத்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சாடி அது?" என்று கேட்டேன்.

"எங்கக்கா போவுது. அவ வயித்தப் பாக்கறப்போல்லாம் வருது. லட்டு தின்னும்போது கூட வந்துச்சி. வந்தா உடனே, ஆண்டவரே, அவளுக்கு சுகப்பிரசவம் ஆவணும்னு சொல்லிடறேன். வாய்க்குள்ளதான் சொல்றேன், சத்தமா இல்ல. மொதல்ல பொய்யாத்தான் வந்துச்சி. இப்ப பாதி நெசமா வருது."

"மீதி?"

"மீதிக்கிதான் கால் வலிக்குதே, அத நெனச்சிக்குவேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

தை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். வட்டம் கூடிய பிறகு பாண்டிச்செல்வி வந்து வாசலில் நின்றாள். உள்ளே அமலாவுக்கு இடப்பக்கம் மட்டும்தான் இடம் இருந்தது. வேண்டுமென்றே அப்படி விட்டார்களா, தானாக அமைந்ததா என்று எனக்குத் தெரியாது. லூர்தம்மாளைக் கேட்டால் ஆண்டவர் செயல் என்பாள். பாண்டிச்செல்வி கொஞ்சம் யோசித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அதில் உட்கார்ந்தாள். அப்படியென்றால் அவளுக்கு வலப்பக்கம் அமலா.

ஒவ்வொருத்தியாகக் கேட்டு வந்தார்கள். பாண்டிச்செல்வியின் முறை வந்தது. என் கையில் மொச்சைத் தோல் உடைகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது, உரிப்பதை நிறுத்திவிட்டேன். எழுந்து போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. இல்லையென்றால் அன்றைக்கு வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பாளோ என்றும் இருந்தது. கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு, சட்டமும் இடம் தருகிறது.

"ஆண்டவரே" என்றாள். "அக்காவுக்குக் காலு வீங்கியிருக்கு. ராத்திரி உருண்டு பொரண்டு படுக்காவ. சொவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கு. அந்த வலிய எடுத்துரும். எனக்கு இப்பம் அவ்வளவுதான் கேக்க வருது. மத்தத பொறவு கேக்கேன்."

அமலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். லூர்தம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்தாள், கவியா தலையைக் குனிந்துகொண்டாள். இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டு ஒருத்தியும் ஆமென் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் அது எப்படி மேலே போய்ச் சேரும்?

நான்தான் சொன்னேன், ஜன்னலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. எங்கள் மாரியாத்தா இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவள் இல்லை.